இடது பக்கம் யாரோ முனகுகிறார்கள்

என் அக்காவுக்கு அந்தக் காரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான்.

“எத்தனை கதவுடா?”

“ரெண்டும்மா.”

“மீதி ரெண்டு எங்க?”

அக்கா இருப்பது விருதுநகர். பையன் இருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில். முழுக் காசையும் வாங்கிக்கொண்டு இரண்டு கதவையும் பின் சீட்டையும் எவனோ கழற்றி வைத்துக்கொண்டான், பிள்ளை ஏமாந்துவிட்டான் என்பது அவள் கட்சி. கூரையும் துணிதான், மடக்கிவிடலாம் என்கிற விஷயத்தை நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை.

வண்டி, 1994 மாடல் மாஸ்டா மியாடா. சிவப்பு. பையனுக்கு வயசு 29. காருக்கு அவனைவிட ஜாஸ்தி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ஜாதி இது. 2000-ம் வருஷம் உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. மொத்தமே ஆயிரம் கிலோ சொச்சம்தான் எடை. நான் ஏறி உட்கார்ந்ததும் சொச்சம் அதிகமாயிற்று.

அதில் உட்காருவது பந்தியில் உட்காருவது மாதிரி. இலை மட்டும்தான் போடவில்லை. பக்கத்தில் போகிற லாரியின் சக்கரம் நம் காதுக்கு நேராகச் சுற்றும்.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் அவன் என்னை 880 ஃப்ரீவேயில் அழைத்துப் போனான். 40 மைல் வேகம் வரை எல்லாம் சுகம். அதைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு சத்தம். ஊய்ய்ய்ங். 50-ல் ஒரு கட்டை ஏறியது. 60-ல் கச்சேரிக்கு முன்னால் தம்பூரா சுருதி சேர்ப்பார்களே, அப்படி. பையன் கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

“என்னடா அது?”

“ரோடு சத்தம் மாமா.”

ரோடு மாறியது. சத்தம் மாறவில்லை.

“மாப்ளே, நான் லாரிப் பட்டறைக்கு எதிர் வீட்டுல வளந்தவன். எங்கிட்டயேவா?”

கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு வேறு ஒரு விஷயத்தைச் சொன்னான். அவனுக்கு வேலை போய் 19 நாள் ஆகியிருந்தது.

* * *

வெளிநாட்டில் மாப்பிள்ளை தேடும் பெற்றோர் கவனிக்க: ஹெச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால், 2017-லிருந்து உள்ள விதிப்படி, அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி அவனுக்காக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாறலாம், அல்லது பெட்டியைக் கட்டலாம். காலையில் ஒரு வீடியோ மீட்டிங். பதினோரு நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷம் ஐ.டி. கார்டு வேலை செய்யவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

அக்காவுக்குத் தெரியாது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தான். கொரோனா சொல்லிக் கொடுத்த பொய்களில் இது ஒன்று.

“காரை வித்துடலாம்னு இருக்கேன் மாமா. கடைசி வாரத்துல வித்தா பாதி விலைக்குக் கேப்பாங்க. ஒரு காலேஜ் பையன் ஞாயித்துக்கிழமை பாக்க வரான்.”

“இந்தச் சத்தம்?”

“அதான்.”

என் யோசனையை உடனே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ரேடியோவைச் சத்தமாக வைப்பது. வித்தபின் அவன் பாடு. முப்பது வருஷம் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இந்த மாதிரி யோசனைகள் தானாக வரும்.

பையன் பதில் சொல்லாமல் ஒரு திருப்பத்தில் திரும்பினான். பிறகு, “அந்தப் பையனுக்கு ட்ரேஸில ஒரு கிடங்குல ராத்திரி வேலை மாமா. ஆல்டமான்ட் மலையைத் தாண்டிப் போயிட்டு வருவான். விடியக்காலைல தூக்கக் கலக்கத்துல ஓட்டுவான்” என்றான்.

நான் ரேடியோ பேச்சை விட்டுவிட்டேன்.

* * *

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம். டயர் தேய்மானம் ஏறுமாறாக இருந்தாலும் இதே மாதிரி முனகும். பின்னால் உள்ள டிஃபரன்ஷியலும் முனகும். மூன்றும் ஒரே குரலில் பாடும்போது யார் பாடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

காலியான ரோட்டில் ஓட்டிக்கொண்டே பையன் கிளட்சை மிதித்தான். எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. ஆக எஞ்சின் நிரபராதி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தான். டிஃபரன்ஷியலாக இருந்தால் இதற்குக் குரல் மாறியிருக்கும். மாறவில்லை. பிறகு மெதுவாக வலது பக்கம் வளைத்தான். கார் இடது பக்கம் சாய, ஊய்ங் என்பது ஊஊஊங் ஆயிற்று. இடது பக்கம் வளைத்தான். சத்தம் வடிந்தது. வலது பக்கம் திரும்பும்போது பாரம் முழுக்க இடது சக்கரங்களின் மேல் போகும். அப்போது கத்துகிறவன் இடது பக்கத்தான்.

நிறுத்தி ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை நீட்டுகிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம், உயில் எழுதட்டும்), பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். என்னை ஸ்பிரிங்கின் மேல் கை வைக்கச் சொன்னான். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் விரலுக்கு அடியில் கரகரவென்று ஒரு நடுக்கம். யாரோ உள்ளே ரவையைக் கொட்டியது போல.

பின் சக்கர பேரிங். தீர்ந்தது சந்தேகம்.

பேரிங் போனால் என்ன, சத்தம்தானே என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆட்டம் அதிகமாகும்போது சக்கரத்தோடு பிரேக் டிஸ்க்கும் தள்ளாடும். தள்ளாடுகிற டிஸ்க் பிரேக் கட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாக இறங்கும். மலைப்பாதையில், விடியக்காலையில், இறங்க வேண்டாத ஆழம்.

* * *

பேரிங் என்றால் என்ன? பள்ளிப் புத்தகத்தில் ‘தாங்கி’ என்று போட்டிருந்தார்கள். அப்போது சிரித்தேன். இப்போது சரியான பெயர் என்று தோன்றுகிறது.

இரண்டு இரும்பு வளையம், நடுவில் உருளும் குண்டுகள். வெளி வளையம் காரின் உடம்போடு சேர்ந்தது, சுற்றாது. உள் வளையம் சக்கரத்தோடு சேர்ந்தது, சுற்றும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குண்டுகள் உருளும். 1794-ல் வேல்ஸ் தேசத்தில் ஃபிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்கு இப்படிக் குண்டு போட்டுப் பேடன்ட் வாங்கினார். 1869-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த ஜேம்ஸ் மூரின் சைக்கிளில் இந்தக் குண்டுகள் இருந்தன. 1943 அக்டோபர் 14-ம் தேதி ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஊரின் மேல் குண்டு போட அமெரிக்கா 291 விமானங்களை அனுப்பியது. 60 திரும்பவில்லை. அந்த ஊரில் அரண்மனை இல்லை, ராணுவத் தலைமையகம் இல்லை. பேரிங் தொழிற்சாலைகள் இருந்தன. டாங்கி, விமானம், லாரி எல்லாமே இந்தச் சின்னக் குண்டுகளின் மேல்தான் உருள்கின்றன என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் தொழிற்சாலைகளைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பி, ஸ்வீடனிடமும் வாங்கிச் சமாளித்தார்கள் என்பது வேறு கதை.

இதன் ஆயுளுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1947-ல் லுண்ட்பெர்க், பால்ம்க்ரென் என்று இரண்டு ஸ்வீடன்காரர்கள் வெளியிட்டது. ஒரே மாதிரி நூறு பேரிங்கை ஓடவிட்டால் பத்து செத்துப்போகும் வரை ஓடிய ஓட்டம்தான் அந்த ரகத்தின் ஆயுள். மீதி தொண்ணூறு அதற்கப்புறமும் ஓடும், எத்தனை நாள் என்று அவரவர் தலையெழுத்து. இதில் முக்கியமான விஷயம், பாரத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். இரண்டின் மூன்றாம் பெருக்கு. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் தலையில் கட்டுகிற அதிகாரிகள் யாராவது உங்கள் ஆபீஸில் இருந்தால் இந்த வரியைக் கத்தரித்து அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கவும். பெயர் போட வேண்டாம்.

* * *

அமெரிக்காவில் மெக்கானிக்கிடம் விடுவதாக இருந்தால் முதலில் பேங்க்கில் விசாரிக்க வேண்டும். பையன் போனில் கேட்டான். சொன்ன தொகை ஏறக்குறைய அவனுடைய இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு. பேரிங் மட்டும் வாங்கினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் கைக்கூலி.

“நாமளே பண்ணிடலாம்” என்றேன். டூரிஸ்ட் விசாவில் வந்தவன் வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம். அக்கா பையனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது வேலையில் சேருமா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அவன் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் காரைக் கழற்றக் கூடாதாம். ஒரு தெலுங்கு நண்பன் தன் வீட்டு கராஜைக் கொடுத்தான். பெரிய ஸ்பேனர்களும் புல்லரும் உதிரி பாகக் கடையிலேயே கிடைத்தன. முன்பணம் கட்டி எடுத்துப் போகலாம், திருப்பித் தந்தால் முழுப் பணமும் வாபஸ். நம் ஊரில் கல்யாணப் பாத்திரம் எடுப்பது போல.

முதல் எதிரி, ஆக்ஸில் நட்டு. 29 எம்.எம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, நடு மூடியைப் பிடுங்கிவிட்டு அதன் ஓட்டை வழியாக இதைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் கார் ஸ்டாண்டிலிருந்து நடனமாடும். நட்டின் விளிம்பை ஆக்ஸில் பள்ளத்தில் அடித்து மடக்கி வைத்திருப்பார்கள், தானாகக் கழலாமல் இருக்க. அதை உளியால் நிமிர்த்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நீளமான கம்பியில் இன்னும் நீளமான பைப்பைச் சொருகி, பையன் அதன் மேல் ஏறி நின்றான். அவன் 62 கிலோ. நட்டு மதிக்கவில்லை.

“இறங்கு மாப்ளே” என்றேன். நான் 84.

டமார் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் தரையில் இருந்தேன். நட்டு திரும்பியிருந்தது. இத்தனை வருஷம் டாக்டர் குறைக்கச் சொன்ன உடம்பு ஒரு காரியத்துக்கு ஆயிற்று.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரை அவிழ்த்துக் கோட் மாட்டும் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டோம். அதன் ரப்பர் ஹோஸிலேயே தொங்கவிடுவது மகாபாவம். டிஸ்க் வந்தது. பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிள் என்கிற வார்ப்பைக் கீழே ஒரு நீண்ட போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். மியாடா வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் குசலம் விசாரிப்பதற்கு முன் இந்த போல்ட்டைப் பற்றித்தான் பேசுவார்களாம். முப்பது வருஷமாக அது அங்கேயே குடும்பம் நடத்தியிருக்கிறது. எண்ணெய் விட்டோம், தட்டினோம், காத்திருந்தோம், மறுபடி எண்ணெய் விட்டோம். சாயங்காலம் ஆறரைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள்.

“ஆபீஸ் வேலை முடிஞ்சுதாடா?”

“முடிஞ்சுதும்மா.”

“கையில என்ன கறுப்பு?”

“கீபோர்டு அழுக்கும்மா.”

அக்கா என்னிடம் கொடுக்கச் சொன்னாள். போனை வாங்கிக்கொண்டு கராஜுக்கு வெளியே வந்தேன்.

“தம்பி, அவனுக்கு வேலை போயிடுச்சா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“பத்துப் பதினைஞ்சு நாளா அவன் பேசுற தோரணையே சரியில்ல. அவன் சொல்றப்ப சொல்லட்டும். நீ கேட்டதா காட்டிக்காத. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“இன்னும் இல்லக்கா.”

“ரசமாவது வைடா. அவனுக்கு ரசம்னா போதும்.”

* * *

மறுநாள் நான் ஒரு யோசனை சொன்னேன். பெரிய சுத்தியல், ஒரு பைப்புத் துண்டு, பழைய பேரிங்கை அடித்து வெளியே தள்ளுவது, புதுசை அடித்து உள்ளே இறக்குவது. விருதுநகர்ப் பட்டறையில் நான் பார்த்த வித்தை.

“பழசை எப்படி வேணா அடிக்கலாம் மாமா. புதுசை அடிக்கக் கூடாது.”

ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன விளக்கத்தை நான் ஆபீஸ் பாஷையில் மாற்றிச் சொல்கிறேன். வெளி வளையம் மேனேஜ்மென்ட். உள் வளையம் யூனியன். நடுவில் உள்ள குண்டுகள் கிளார்க்குகள். பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது இறுக்கமாக இருப்பது வெளி வளையம், ஆகவே வெளி வளையத்தை மட்டும்தான் அமுக்க வேண்டும். பிறகு ஹப்பை உள்ளே நுழைக்கும்போது இறுக்கம் உள் வளையத்தில், ஆகவே உள் வளையத்துக்கு அடியில்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், ஒரு வளையத்தில் கொடுத்த அடி இன்னொரு வளையத்துக்குப் போக ஒரே வழி, நடுவிலிருக்கும் கிளார்க்குகள் வழியாக. குண்டு ஒன்றும் ஆகாது, கெட்டிப் பிறவி. ஆனால் அது உருளும் பாதையில் சின்னச் சின்னக் குழி விழும். கண்ணுக்கே தெரியாது. அந்தக் குழியில் ஒவ்வொரு தடவை உருளும்போதும் ஒரு தடக். புது பேரிங் முதல் நாளே முனகும். கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று நாம் அவனைத் திட்டுவோம்.

எத்தனை பட்டறைகளில் எத்தனை கடைக்காரர்கள் இப்படி அநியாயமாகத் திட்டு வாங்கினார்களோ.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

புது பேரிங்கை முந்தின ராத்திரியே தெலுங்கு நண்பன் வீட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்தோம். ஏழு சென்டிமீட்டர் இரும்பு வளையம் அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 18-க்குப் போனால் சுமார் 0.03 மில்லிமீட்டர் சுருங்கும். தலைமுடியில் பாதி. அந்தப் பாதி முடி இடைவெளி போதும், கொஞ்சம் இணங்கி உள்ளே போகும். நண்பனின் மனைவி காலையில் முருங்கைக்காய் பாக்கெட்டுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவில் அதைப் பார்த்துவிட்டு, இது சைவமா அசைவமா என்று கேட்டாராம்.

ஐஸ் பெட்டியில் பேரிங்கும், கையில் கறுப்பு எண்ணெய் சொட்டும் நக்கிளுமாக ஹேவர்டில் ஒரு பட்டறைக்குப் போனோம். ஹைட்ராலிக் ப்ரெஸ் வைத்திருக்கும் ஒரு மெக்ஸிகோ பெரியவர். எழுபது வயதிருக்கும். இங்கிலீஷ் கொஞ்சம். என்னுடையதும் அன்றைக்குக் கொஞ்சம்தான்.

அவர் ஒன்றும் பேசாமல் நக்கிளை வாங்கிப் பார்த்தார். ப்ரெஸ்ஸில் வைத்து ஹப்பை அமுக்கினார். டொக் என்று ஹப் பிரிந்து வந்தது, ஆனால் உள் வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அது அப்படித்தான் வரும். கத்திரிபோல் இரண்டு தாடை உள்ள ஒரு கிளாம்பை மாட்டி அதையும் பிரித்தார். நக்கிளுக்குள் இருந்த லாக் வளையத்தை எடுத்தார். மிச்சத்தை அமுக்கித் தள்ளினார். துணியால் துடைத்து, உள் வளையத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். பளபளவென்ற பாதையில் ஒரு இடத்தில் மட்டும் சுண்டுவிரல் நக அளவுக்கு உரிந்திருந்தது. பழைய எனாமல் தட்டில் பெயர்ந்திருக்குமே, அது போல. இத்தனை சத்தமும் அந்த நக அளவிலிருந்துதான்.

“பலேரோ” என்றார் பெரியவர். அவர்கள் ஊரில் பேரிங்குக்கு அதுதான் பெயர்.

புதுசை இறக்கும்போது மட்டும் அவர் முகம் மாறிவிட்டது. வெளி வளையத்துக்குச் சரியான அளவில் ஒரு இரும்பு வட்டத்தை நாலைந்து போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கோணலாக இருக்கிறதா என்று குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். கைப்பிடியை மெதுவாக, ஒரு அழுத்தம், ஒரு நிறுத்தம். உள்ளே போய் உட்கார்ந்ததும் ப்ரெஸ்ஸின் சத்தம் சட்டென்று கனத்தது. நிறுத்திவிட்டார். லாக் வளையம் போட்டார். திருப்பி வைத்தார், உள் வளையத்துக்கு அடியில் முட்டு, மேலேயிருந்து ஹப். நாங்கள் சொல்லவே தேவையிருக்கவில்லை.

பழைய பேரிங்கைக் குப்பையில் போடப் போனார். “வேண்டாம், வேண்டாம்” என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன்.

எதற்கு என்று கையால் கேட்டார். எனக்கு இங்கிலீஷும் வரவில்லை. அவர் மேஜையிலிருந்த அட்டையில் பேனாவால் வரைந்தேன். ஒரு பலகை. முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதில் ஒரு பேரிங். பின்னால் ஒரு கட்டை, இரண்டு முனையிலும் இரண்டு பேரிங். திருப்புவதற்கு ஒரு கயிறு. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பேரிங் வண்டி. பட்டறையில் தேய்ந்து கழித்த பேரிங்குக்காக ஒரு மாதம் ஃபிட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிமெண்ட் ரோட்டில் கரகரவென்று போகும். தெருவே திட்டும்.

பெரியவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, பலகையின் மேல் ஒரு பையனைப் போட்டார். பின்னாலிருந்து தள்ளுகிற இன்னொரு பையனையும் போட்டார்.

“கார்ரீத்தோ தே பலேரோஸ்!”

அவர்கள் ஊரிலும் உண்டாம். முட்டியைக் காட்டினார், ஒரு தழும்பு. நான் என் முழங்கையைக் காட்டினேன். பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

40 டாலர் கேட்டிருந்தவர் 30-தான் வாங்கிக்கொண்டார்.

* * *

மாட்டுவது, கழற்றியதைத் தலைகீழாகச் செய்வது என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி போடுவார்கள். எழுதினவன் மாட்டிப் பார்த்ததில்லை. அந்த நீண்ட போல்ட் ஓட்டைக்கு நேராக வர மட்டும் முக்கால் மணி நேரம். அதை முழுசாக இறுக்குவதும் கார் தரையில் நிற்கும்போதுதான். தூக்கிய நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஆக்ஸில் நட்டு புதுசு. பழசை மறுபடி மடக்கினால் உடையும். நான் பிரேக்கை மிதித்துக்கொள்ள, பையன் டார்க் ரெஞ்சால் 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினான். அது எவ்வளவு என்றால், ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்ட அளவு. இந்த இறுக்கம்தான் பேரிங்கின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைந்தால் ஆட்டம். ‘ஒரு அந்தாஸா’ இறுக்குகிற இடம் இது இல்லை. கடைசியாக நட்டின் விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடக்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு நைல்ஸ் கான்யன் ரோட்டில் போனோம். பக்கத்திலேயே நைல்ஸ். 1915-ல் சாப்ளின் வந்து சில படங்கள் எடுத்த ஊர். மலைக்கும் ஓடைக்கும் நடுவில் ரோடு வளைந்து வளைந்து போகிறது. 40. 45. வலது பக்கம் வளைவு. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஒன்றுமில்லை. காற்று. டயர். என் சீட்டுக்குப் பின்னால் எதுவோ டிக் டிக் என்றது, இத்தனை நாள் கேட்டதே இல்லை.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். அம்மாவுக்குப் போன் போட்டான். விருதுநகரில் அப்போது விடிந்திருந்தது. நான் இறங்கி, ஓடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கப் போனேன். நிறைய நேரம் பார்த்தேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை வந்த பையனுக்கு 20 வயதிருக்கும். எங்கள் ஆள் எல்லாவற்றையும் சொன்னான். பழைய பேரிங்கைக் கையில் கொடுத்தான். அந்தப் பையன் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப வலது பக்கம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வைத்து, அவன் கையை ஸ்பிரிங்கின் மேல் வைக்கச் சொல்லிச் சுற்றிக் காட்டினோம். திருப்தி. ஆனாலும் 300 டாலர் குறைத்தான். பேரிங்குக்காக இல்லை, மடக்குக் கூரையின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மங்கிப்போனதற்காக. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

கார் தெருக்கோடி திரும்பும் வரை பையன் நின்றான். சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தானா, சும்மா நின்றானா என்று நான் கேட்கவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் என் கைப்பெட்டியை நிறுத்தினார்கள். எக்ஸ்-ரேயில் வட்டமாக என்னவோ தெரிகிறதாம். பாதுகாப்பு அதிகாரி வெளியே எடுத்தார், ஆஜானுபாகுவான ஆள். திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார்.

“இது போயிடுச்சே ஸார். மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு.”

திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.

நான் இதை எழுதும் இன்று அவனுக்கு 51-வது நாள். ஒரு கம்பெனியில் இரண்டாவது ரவுண்டு இன்டர்வ்யூ முடிந்திருக்கிறது. அக்கா தினமும் விருதுநகர் மாரியம்மன் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பேரிங்கை மாடி வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன், படமும் வரைந்து கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு, “அங்கிள், இதுல மூணு வீல் இருக்கே, இன்னும் ரெண்டு?” என்கிறான்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு எங்கள் தெருவோடு ஒரு வெள்ளை வேன் போயிற்று. ஊய்ய்ய்ங். பின்பக்கம், வலது. நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன்.